பதினொரு காணிகளுக்கு மேலால் ஓர் இணைப்பு

கதை எழுதும் தகுதி எனக்கு உண்டென்று நான் ஒருபோதும் எண்ணியதில்லை. கூட்டுறவுச் சங்கமொன்றில் எழுதுவினைஞராகப் பத்தொன்பது ஆண்டுகள் கடமையாற்றியவள் நான். கூட்ட அறிக்கைகளைத் தவிர வேறெதையும் ஒரு பக்கத்துக்கு மேல் எழுதிப் பழக்கமில்லை. ஆகவே இதிலுள்ள குறைகளை வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். இதில் வரும் அலுவலகத்தின் பெயரை எழுதாமல் விடுவதற்கும் மன்னிக்க வேண்டும். அங்குள்ள உத்தியோகத்தர்கள் எவரும் என்னை ஒருநாளும் கடிந்து பேசியதில்லை. இருக்கச் சொல்லாமல் விட்டதுமில்லை. பதினான்கு மாதங்களில் அவர்களுடைய கதிரைகளில் நான் இருந்த நேரம் என் வீட்டுக் கதிரையில் இருந்த நேரத்திலும் கூடியது என்பதை நன்றியுடன் பதிவு செய்கிறேன்.

எனக்கு மூத்தவர்கள் இருவர். அண்ணா தவராசா, அக்கா அமராவதி. இருவருக்கும் பிறவியிலிருந்தே காது கேளாது, பேச்சும் வராது. நாங்கள் கண்டாவளையில் வளர்ந்த காலத்தில் அவர்களைப் போன்ற பிள்ளைகளுக்கான பள்ளிக்கூடம் எட்டும் தூரத்தில் இருக்கவில்லை. ஆகவே அவர்கள் தங்களுக்கென்று ஒரு கைப்பேச்சை உண்டாக்கிக்கொண்டார்கள். வலது கன்னத்தை இரண்டு விரலால் தொட்டால் ஐயா, எங்கள் அப்பா. அவர் வெற்றிலை அடக்கும் கன்னம் அது. வருவதுபோல் இருண்டுவிட்டு வராமற் போகும் மழைக்கு ஒரு சைகை இருந்தது. அதே சைகையைச் சற்று மெதுவாகச் செய்தால் எங்கள் சித்தப்பா. அம்மாவுக்கு அந்தப் பேச்சில் பாதி விளங்கும். எனக்குக் காற்பங்கு விளங்கும். முழுவதையும் அறிந்தவர்கள் உலகத்தில் அவர்கள் இருவர் மட்டுமே.

தொண்ணூற்றொன்றில் அண்ணா சுவிற்சர்லாந்துக்குப் போனார். தொண்ணூற்றாறில் நானும் அக்காவும் இடம்பெயர்ந்து வந்து வவுனியாவில், கூமாங்குளத்தில் குடியிருந்தோம். அண்ணா போன நாளிலிருந்து அவரும் அக்காவும் ஒரு சொல்கூடப் பேசிக்கொள்ளவில்லை. தொலைபேசி அவர்களுக்கு உதவாது. எழுத்து இருவருக்கும் தெரியாது. நான் எழுதும் கடிதத்தை அண்ணி கிருசாந்தி வாசித்து, தனக்குத் தெரிந்த ஐந்தாறு சைகைகளில் அண்ணாவுக்குச் சொல்லுவா. "எல்லோரும் சுகம்" என்பதற்கு மேல் எதுவும் அந்த வழியால் போய்ச் சேர்ந்ததில்லை.

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு தை மாதம் அண்ணி என் கைத்தொலைபேசிக்கு அழைப்பு எடுத்தா.

"மச்சாள், அவருக்குக் கண் ஓரத்தால சுருங்கிக்கொண்டு வருது. நடுவில மட்டும் ஒரு வட்டம் தெரியுதாம். இப்ப ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவு. டொக்டர் ஒரு வருசம் எண்டு சொல்லுறார். அதுக்குள்ள அமராவதி மச்சாளோட கதைக்கோணும் எண்டு ஒற்றைக்காலில நிக்கிறார். அங்க கொம்பியூட்டரில முகம் பாத்துக் கதைக்கிற வசதி இருக்கோ?"

அண்ணாவின் கையிலிருந்த அகதிப் பயணப் பத்திரம் உலகின் எல்லா நாடுகளுக்கும் செல்லுபடியாகும், இந்த நாட்டைத் தவிர. நல்ல இணைய வசதியுள்ள கொழும்புக்கு நான் அக்காவை அழைத்துச் சென்றிருக்கலாம். ஆனால் வழியில் சோதனைச் சாவடிகள் பல. "நில்" என்று யாராவது சொன்னால் அக்காவுக்குக் கேட்காது. நகரத்திலுள்ள இணையக் கடையில் ஒருமுறை முயன்று பார்த்தோம். அரை நிமிடத்துக்கு ஒரு படம் வந்தது. அண்ணாவின் கை எழும்பியது தெரிந்தது. மடியில் விழுந்தது தெரிந்தது. இடையில் என்ன சொன்னார் என்பது தெரியவில்லை. அக்கா திரையைத் தட்டிப் பார்த்தா. கடைக்காரர் தட்ட வேண்டாம் என்றார்.

எங்கள் ஒழுங்கைக்குத் தொலைபேசிக் கம்பி வரவில்லை. கம்பங்கள் மூன்று வந்தன. அவற்றில் ஒன்றில் மாடு கட்டுவார்கள். அந்நேரத்தில்தான் நகரில் ஒரு நிறுவனம் கம்பியில்லா அகலப்பட்டை இணைப்பை அறிமுகஞ் செய்தது. நகர எல்லையில் அவர்கள் நட்ட கோபுரத்திலிருந்து அலையாகவே இணையம் வீட்டுக்கு வந்துவிடும். "கம்பி இல்லை, கவலை இல்லை" என்று பேருந்து நிலையச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். தை பதினாறாந் திகதி, திங்கட்கிழமை, ஒன்பது மணிக்கு நான் அந்த அலுவலகத்தில் இருந்தேன்.

பிராந்திய இணைப்பு அலுவலர் திரு. செல்வநாயகம் கழுத்துப்பட்டி கட்டியிருந்தார். நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டு, அண்ணாவின் கண்ணுக்காக வருத்தமும் தெரிவித்தார். பின்னர் எட்டுப் பக்கப் படிவமொன்றைத் தந்தார். ஏழாம் பக்கத்தில், "கம்பி செல்லும் பாதையிலுள்ள காணிச் சொந்தக்காரர்களின் சம்மதம்" என்றிருந்தது.

"சேர், மன்னிக்கவேணும். இது கம்பி இல்லாத இணைப்புத்தானே?" என்று கேட்டேன்.

"ஓம், கம்பி இல்லை."

"அப்ப இந்தப் பக்கத்தை வெறுமையா விடலாமோ?"

அவர் பேனையை மேசையில் வைத்தார். "மிஸ், கம்பி இல்லை எண்டுதான் சொன்னனாங்கள். பாதை இல்லை எண்டு ஒருத்தரும் சொல்லேல்ல. யோசிச்சுப் பாருங்கோ. கம்பி எண்டால் காணிக்காரன் நிமிந்து பாத்து, என்ர காணிக்கு மேலால ஏதோ போகுது எண்டு தெரிஞ்சுகொள்ளுவான். இது கண்ணுக்குத் தெரியாது. கண்ணுக்குத் தெரியாத ஒண்டை ஒரு மனிசற்ற காணிக்கு மேலால அனுப்பிறது எவ்வளவு பாரதூரமான விசயம்? முறைப்படி பாத்தால் கம்பிக்கு ஒரு கையெழுத்து எண்டால் அலைக்கு ரெண்டு எடுக்கோணும். நாங்கள் சனத்தில இரக்கப்பட்டு ஒண்டோட விடுறம்."

நான் நன்றி தெரிவித்தேன்.

எந்தெந்தக் காணிகளுக்கு மேலால் அலை செல்லும் என்பதை அறியாமல் கையொப்பம் வாங்க இயலாது. அதற்காகத் தொழில்நுட்பவியலாளர் திரு. றிஸ்கான் அனுப்பப்பட்டார். அவருடைய மோட்டார் சைக்கிளின் பின்னால் நீல நிற நைலோன் கயிற்றுச் சுருள் இருந்தது. கோபுரத்தின் அடியிலிருந்து எங்கள் வீட்டுக் கூரை வரைக்கும் நேர்கோட்டில் கயிறு இழுக்க வேண்டும். கயிறு எந்தக் காணிகளுக்கு மேலால் போகிறதோ அந்தக் காணிகளே பாதை. இரண்டு கிலோமீற்றரும் நூற்று நாற்பது மீற்றரும் இழுக்க ஒன்பது நாட்கள் ஆயின; பாதையில் பதினொரு காணிகள் அகப்பட்டன. குளத்துக்கு மேலால் போகும் துண்டை வெற்று எண்ணெய்க் கலன்களில் மிதக்க விட்டார்கள்.

எங்கள் கூரையில் கடைசி முடிச்சைப் போட்டுவிட்டுத் திரு. றிஸ்கான் இறங்கி வந்து தேநீர் குடித்தார். "மிஸ், இந்தக் கயிற்றைச் செம்பில செஞ்சால் அதுக்குப் பேர் கம்பி," என்றார். "நான் சொன்னதெண்டு சேரிட்டச் சொல்லிப்போடாதேங்கோ."

அனுமதி கிடைக்கும்வரை கயிறு அவிழ்க்கப்படக் கூடாது என்பது விதி. ஒரு மாதத்துக்குள் ஊர் அதற்குப் பழகிவிட்டது. வழி கேட்பவர்களுக்குக் "கயிற்றைப் பிடிச்சுக்கொண்டு போங்கோ" என்று சொல்லத் தொடங்கினார்கள். எல்லைத் தகராறில் இருந்த சகோதரர்கள் இருவர், இது அரசாங்க அளவையாகத்தான் இருக்க வேண்டும் என்று கருதி, வேலியைப் பிடுங்கிக் கயிற்றோடு நட்டார்கள். அலுவலகம் இதையெல்லாம் ஆட்சேபிக்கவில்லை. ஆட்சேபித்தது ஒன்றைத்தான். இரண்டாம் இலக்கக் காணியில் கயிற்றில் உடுப்புக் காயப் போட்டிருப்பதை ஆய்வுக் குழு கண்டுபிடித்தது. "அலைப் பாதையில் தடைகள்: சாரம் இரண்டு, படுக்கை விரிப்பு ஒன்று" என்று என் விண்ணப்பக் கோவையில் எழுதப்பட்டது. தடையை நீக்கி, நீக்கியதற்கான கடிதத்தையும் பெற்று வரும்படி என்னிடம் கூறினார்கள்.

அந்தக் காணி ஜொஹறா அவர்களுடையது. தொண்ணூறில் மற்ற முஸ்லிம்களோடு வெளியேற்றப்பட்டுப் பதின்மூன்று ஆண்டுகள் புத்தளத்தில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவ. நான் படிவத்தை நீட்டியதும் மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டா.

"இதில என்ன அடிச்சிருக்கு தங்கச்சி? இந்த இடத்தில?"

"காணிச் சொந்தக்காரர் எண்டு."

"அதுக்கு நேர என்ர பேரை எழுதுவீங்களோ?"

"ஓம்."

"காணி உறுதி எரிஞ்சு போச்சு. இது என்ர காணி எண்டு எழுதித் தாங்கோ எண்டு நான் ஏறி இறங்காத கந்தோர் இல்லை. ஒருத்தரும் தரேல்ல. இண்டைக்கு ஒரு கந்தோர் என்னட்டச் சம்மதம் கேட்டு ஆள் அனுப்பியிருக்கு. இஞ்ச தாங்கோ, எத்தினை கையெழுத்து வேணும்? ரெண்டு வைக்கட்டோ?"

"ஒண்டு காணும்."

"ரெண்டு வைக்கிறன். உடுப்பையும் எடுத்துப்போடுறன். எனக்கொரு போட்டோக் கொப்பி மட்டும் தாங்கோ."

அந்தப் பிரதியைக் கொண்டு ஜொஹறா கிராம அலுவலரிடம் சென்றா. இணைப்பு நிறுவனமே சொந்தக்காரி என்று ஏற்றிருக்கிறபடியால் அவர் காணி உரிமைக் கடிதமொன்றை வழங்கினார். அந்தக் கடிதத்தைக் கண்டு நிறுவனம் சம்மதப் படிவத்தை ஏற்றுக்கொண்டது. பதினான்கு மாதங்களில் இந்த அலுவலகத்தால் ஒருவருக்கு முழுமையான நன்மை விளைந்தது இந்த இடத்தில்தான் என்பதால் விரிவாக எழுதினேன்.

நான்காம் இலக்கம் பாடசாலை மைதானம். பரீட்சை நடைபெறும் நாட்களில் அலைகளை அனுப்புவதில்லை என்ற உறுதிமொழியின் பேரில் அதிபர் கையொப்பமிட்டார். ஐந்தாம் இலக்கக் காணியில் ஒரு படைமுகாம் இருந்தது. நான் எழுதிய விண்ணப்பத்துக்கு மூன்று வாரத்தில் பதில் வந்தது. குறித்த காணியில் தங்களுடைய முகாம் எதுவும் இல்லை என்றும், ஆகவே சம்மதம் தெரிவிக்க இயலாது என்றும் அதில் இருந்தது. அந்தக் கடிதத்தை முகாமின் வாசலில் நின்ற காவலர் என்னிடம் கையளித்தார். திரு. செல்வநாயகம் மிகுந்த மகிழ்ச்சியடைந்தார். "இதுதான் மிஸ் ஒழுங்கான கடிதம். இல்லாத முகாமுக்குச் சம்மதம் தேவையில்லை. எல்லாரும் இப்பிடித் தெளிவா எழுதினால் எங்கட வேலை எவ்வளவு சுகம்."

வைகாசியில் அண்ணி தொலைபேசி எடுத்தா. வட்டம் இப்போது தேநீர்க் கோப்பைத் தட்டின் அளவு என்றா. அண்ணா வேலையை விட்டுவிட்டார். அக்கா ஒவ்வொரு நாளும் மாலையில், அண்ணி அனுப்பிய காசில் வாங்கி வைத்திருந்த கணினிக்கு முன்னால் கதிரையைப் போட்டு இருக்கத் தொடங்கியிருந்தா. நான் இன்னும் வரவில்லை என்று காட்டுவேன். அக்கா சித்தப்பாவின் சைகையைக் காட்டுவா. அலுவலகத்தையே அப்படிச் சொன்னா என்று நினைக்கிறேன்.

ஆறாம் இலக்கக் காணியின் சொந்தக்காரர் இளையதம்பி கிளிநொச்சியில் இருந்தார். இரணைமடுவின் கீழ் வயல் செய்பவர். அரசாங்கப் பகுதிக்கும் இயக்கத்தின் பகுதிக்கும் இடையிலான ஓமந்தைப் பாதை அப்போது திறந்திருந்தது. இரண்டு பக்கச் சோதனைகளையும் கடந்து ஒரு முழுநாள் செலவிட்டுப் போய்ச் சேர்ந்தேன். அவர் வரம்பில் நின்றபடியே படிவத்தை வாசித்தார்.

"என்ன பிள்ளை இது? காத்து போறதுக்கு என்ர கையெழுத்தோ?"

"காத்தில்லை ஐயா, அலை."

"அந்தக் காணிக்குள்ள இப்ப நாலு குடும்பம் வீடு கட்டி இருக்கு. கிணறும் வெட்டிப்போட்டினம். அதில ஒருத்தர்கூட என்னை ஒரு வார்த்தை கேக்கேல்ல. நீங்கள் மேலால போற ஒண்டுக்கு ஓமந்தை தாண்டி வந்திருக்கிறியள்." பேனையை வாங்கினார். "உங்கட கந்தோர் நல்ல கந்தோர்."

கையொப்பத்தை உறுதிப்படுத்த வேண்டுமென்று விதி இருந்ததால், அங்கிருந்த இயக்கத்தின் நிர்வாக அலுவலகத்தில் முத்திரை குத்தித் தந்தார்கள். மறுநாள் திரு. செல்வநாயகம் அந்தக் கடிதத்தைப் பார்த்ததும் கதிரையைப் பின்னால் தள்ளினார்.

"மிஸ், இந்த முத்திரை உள்ள தாளை நான் இந்தக் கந்தோரில வச்சிருக்க ஏலாது. உங்களுக்கு விளங்கும்."

"விளங்குது சேர். அப்ப இந்தத் தாளை எடுக்கட்டோ?"

"எடுத்தால் கோவை நகராது. தாள் இருக்கவேணும், முத்திரை இருக்கக்கூடாது."

கத்தரிக்கோல் கொண்டுவரப்பட்டது. முத்திரையை அவரே வட்டமாக வெட்டி எடுத்து, தண்ணீர்க் குவளைக்குள் போட்டுக் கரைத்தார். பின்னர் கடிதத்தை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்துவிட்டு, துளை எவ்வாறு ஏற்பட்டது என்பதற்குச் சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியக் கடதாசி ஒன்று தேவைப்படும் என்றார். கறையான் அரித்ததாக நான் சத்தியஞ் செய்தேன். வாழ்க்கையில் நான் சொன்ன பொய்களில் எழுத்திலுள்ளது அது ஒன்றுதான்.

ஆவணியில் ஓமந்தைப் பாதை மூடப்பட்டது. இளையதம்பி என்ன ஆனார் என்று எனக்குத் தெரியாது. அவருடைய சம்மதம் கோவையில் இருக்கிறது.

ஏழாம் இலக்கக் காணிக்காரர் கனடாவில் இருந்தார். அவர் மின்னஞ்சல் மூலம் சம்மதம் அனுப்பினால் போதுமென்று அலுவலகம் பெருந்தன்மையுடன் கூறியது. அவர் இரண்டு நாளில் அனுப்பிவிட்டதாகத் தொலைபேசியில் சொன்னார். நான் ஆறு வாரங்கள் பொறுத்திருந்து, தயங்கித் தயங்கிப் போய்க் கேட்டேன்.

"வந்திருக்கும்," என்றார் திரு. செல்வநாயகம். "வராமல் விடாது. ஆனா நாங்கள் பாக்கேல்ல."

"ஏன் சேர்?"

"கந்தோருக்கு இணைப்பு இல்லைத்தானே மிஸ். நாங்களும் விண்ணப்பிச்சிருக்கிறம். எங்கட பாதையில இருபத்தேழு காணி. பொதுமக்களுக்கு ஒரு சட்டம், எங்களுக்கு ஒரு சட்டம் எண்டு இல்லை. என்ர கோவையையும் நானேதான் ரெண்டு தரம் திருப்பி அனுப்பினனான்." அதைச் சொல்லும்போது அவருடைய குரலில் இருந்த பெருமிதம் போலியானதன்று.

அலுவலகத்தின் கடவுச்சொல்லை ஒரு துண்டில் எழுதித் தந்தார். எதிர்ப்பக்க இணையக் கடையில் நான் திறந்து பார்த்தேன். வாசிக்கப்படாத அஞ்சல்கள் இருநூற்றுப் பதினான்கு இருந்தன. எனக்குரியதை அச்சிட்டு, மற்றவற்றையும் அச்சிட்டுக் கட்டிக் கொடுத்தேன். அவர் எழுந்து நின்று நன்றி கூறினார்.

எட்டாம் இலக்கக் காணியைப் பற்றி எழுதுவதா என்று பலமுறை யோசித்தேன். அது விமலேஸ்வரி என்பவருடைய கணவரின் பெயரில் இருந்தது. தொண்ணூற்றேழில் மிதிவண்டியில் கடைக்குப் போனவர் திரும்பி வரவில்லை. படிவத்தில் கட்டங்கள் இரண்டு: ஒன்றில் சொந்தக்காரர் கையொப்பமிட வேண்டும், மற்றதில், மரண அத்தாட்சிப் பத்திரம் இணைத்து, விதவை கையொப்பமிட வேண்டும்.

"ஆள் இருக்கிறார் எண்டால் வந்து வைக்கோணும். இல்லை எண்டால் இல்லை எண்டு எழுதோணும்," என்றார் திரு. செல்வநாயகம். "ரெண்டுக்கும் நடுவில நிக்கிற ஆளுக்கு எங்கட பாரத்தில கட்டம் இல்லை மிஸ்."

விமலேஸ்வரி படிவத்தை வாசித்துவிட்டு, மடித்து, என் கையிலேயே தந்தா. "மேலால எது போனாலும் எனக்கொண்டுமில்லை தங்கச்சி. போகட்டும். ஆனா அந்தச் சொல்லுக்குக் கீழ என்ர பேரை வைக்கமாட்டன். அரிசி நிவாரணத்துக்கும் கேட்டவை, வைக்கேல்ல. அவர் வந்தால் அவரே வைப்பார்."

நான் மீண்டும் கேட்கவில்லை. அலுவலகத்துக்குத் திரும்பி, இந்தக் கையொப்பத்தைப் பெற நான் விரும்பவில்லை என்று, தவறாக எண்ண வேண்டாம் என்ற முகவுரையுடன் தெரிவித்தேன். திரு. செல்வநாயகம் நீண்ட நேரம் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னர் பென்சிலை எடுத்தார்.

"வளைச்சுப் போடுவம்."

பக்கத்தில் நின்ற திரு. றிஸ்கான், "சேர், அலை நேராத்தான் போகும். வளையாது," என்றார்.

"பிளானில வளையும்."

அவ்வாறே எட்டாம் இலக்கக் காணியின் மூலையில் அலை இடப்பக்கம் திரும்பி, வீதியோரமாக நாற்பது மீற்றர் நடந்து, மீண்டும் வலப்பக்கம் திரும்பி எங்கள் வீட்டை நோக்கி வருவதாக வரைபடம் திருத்தப்பட்டது. கயிற்றையும் அதன்படி வளைத்துக் கட்டினார்கள். திரு. செல்வநாயகத்தை நான் மனதார மதித்த நாள் அது. வீதிக்குப் பொறுப்பான அலுவலகத்தின் சம்மதம் புதிதாகத் தேவைப்பட்டது. அது வர இரண்டரை மாதங்கள் சென்றன. திருப்பங்களில் அலையின் வேகம் குறைக்கப்பட வேண்டுமென்று அவர்கள் நிபந்தனை இட்டிருந்தார்கள்.

ஐப்பசியில் அண்ணி, வட்டம் போத்தல் மூடியளவு என்றா. "கையைக் கிட்டக் கொண்டுவந்தால் விரல் தெரியுது. முகம் தெரிஞ்சால் கை தெரியாது." தை மாதம், பொங்கலுக்கு மறுநாள் எடுத்தபோது, தான் முதலே சொல்லியிருக்க வேண்டும் என்றா. மார்கழியில், நத்தார்ப் பண்டிகைக்கு மூன்று நாட்களுக்கு முன்னர் காலையில் எழும்பி, மின்குமிழைப் போடும்படி அண்ணா காட்டினாராம். குமிழ் எரிந்துகொண்டிருந்ததாம்.

"ஆனா மச்சாள், நிப்பாட்டிப்போடாதேங்கோ. அமராவதி தன்னைப் பாக்கட்டும், தான் கதைக்கிறன் எண்டு கையால காட்டுறார். அவ்வளவுதான் எனக்கு விளங்குது."

அக்காவிடம் சொல்லக் கடமைப்பட்டிருந்தேன். என்னிடமிருந்த காற்பங்குச் சொற்களில் அதற்குரிய சொல் இருக்கவில்லை. அண்ணா என்று காட்டி, என் கண்களை மூடிக் காட்டினேன். நித்திரையா என்று அக்கா கேட்டா. நான் தலையை எப்படி அசைத்தேன் என்பது இப்போது நினைவில்லை.

அதைவிட எளிதாகத் திரு. செல்வநாயகத்திடம் சொல்ல முடிந்தது. இனியாவது விரைவுபடுத்துவார் என்று எண்ணினேன். அவர் உண்மையாகவே மனம் வருந்தினார். பின்னர் கோவையைத் திறந்து, மேலட்டையில் ஒட்டியிருந்த சிவப்புத் துண்டைக் கழற்றினார்.

"உங்கட கோவையை இவ்வளவு நாளும் 'அவசரம்' எண்டுதான் வச்சிருந்தனான் மிஸ். அந்த அந்தஸ்து மருத்துவக் காரணத்துக்காகக் குடுத்தது. இப்ப அந்தக் காரணம் இல்லை. இனிச் சாதாரண வரிசையில போடுறதுதான் நியாயம். மற்றச் சனங்களும் இருக்குத்தானே."

விண்ணப்பத்தை மீளப் பெறலாமா என்றும் ஒருமுறை கேட்டேன். பாதையைக் கைவிடுவதற்கும் பதினொரு காணிச் சொந்தக்காரர்களின் சம்மதம் வேண்டும் என்றார்.

இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு பங்குனி ஒன்பதாந் திகதி, வெள்ளிக்கிழமை, இணைப்பு வழங்கப்பட்டது. திரு. றிஸ்கான் கூரையில் அன்ரெனாவைப் பூட்டினார். நீலக் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டினார். முழு வேலைக்கும் முப்பத்தைந்து நிமிடங்கள் சென்றன.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அங்கே காலை. அக்கா குளித்து, பச்சைச் சேலை உடுத்து, கமராவுக்கு முன்னால் இருந்தா. படம் வந்தது. எங்கும் நிற்காத, விட்டுவிட்டு வராத, தண்ணீர் போன்ற படம். அண்ணா சவரஞ் செய்து, சட்டைப் பொத்தான்களைக் கழுத்துவரை பூட்டி இருந்தார். அக்காவின் கைகள் இரண்டும் ஒரே நேரத்தில் எழும்பின. அண்ணாவின் முகம் எங்களுக்குச் சற்று இடப்பக்கமாகப் பார்த்துக்கொண்டிருந்தது. அண்ணி பின்னால் வந்து அவருடைய தோளில் ஒருமுறை தட்டினா. அமராவதி வந்திருக்கிறா என்பதற்கு அவர்கள் பேசி வைத்திருந்த அடையாளம் அது.

அண்ணா கைகளை உயர்த்திக் கேட்டார். தலைமயிர் நரைத்துவிட்டதா என்று கேட்டதாக எனக்கு விளங்கியது. அக்கா கொண்டையை அவிழ்த்து முன்னால் போட்டுக் காட்டினா. அண்ணா பதில் சொல்லும் அளவு நேரம் பொறுத்திருந்தார். பின்னர் அடுத்ததைக் கேட்டார். அக்கா முதற் பதிலையே இன்னும் சொல்லிக்கொண்டிருந்தா. அண்ணா காணவில்லை. மூன்றாவது கேள்வியில் அக்கா நிறுத்தி, கையைத் தூக்கித் திரைக்கு நேரே ஆட்டிப் பார்த்தா. பின்னர் என்னைத் திரும்பிப் பார்த்தா. நான் கண்களை மூடித் திறந்தேன்.

அக்கா எழும்பிப் போகவில்லை. கதிரையை மேசையோடு இழுத்துப் போட்டுக்கொண்டா. அதன் பின்னர் அண்ணா கேட்டுவிட்டுப் பொறுத்திருந்த ஒவ்வோர் இடைவெளிக்குள்ளும் அக்கா முழுப் பதிலையும், மீதம் வைக்காமல், விரைவாகச் சொல்லி முடித்தா. அண்ணா சில இடங்களில், பதில் இப்படித்தான் இருக்கும் என்று எண்ணியவர்போலச் சிரித்தார். அக்காவும் சிரித்தா. இருவரும் ஒரே விடயத்துக்குச் சிரித்தார்களா என்று என்னால் கூற இயலாது. நாற்பது நிமிடங்கள் பேசினார்கள்.

அடுத்த வாரம் அலுவலகத்திலிருந்து வாடிக்கையாளர் திருப்திப் படிவம் வந்தது. படம் தெளிவாக உள்ளதா என்று கேட்டிருந்தார்கள். மிகத் தெளிவாக உள்ளது என்று எழுதினேன். அலை பாதையை விட்டு விலகியதாக அயலவர் எவரேனும் முறையிட்டார்களா என்ற கேள்விக்கு இல்லை என்று எழுதினேன். உத்தியோகத்தர்களின் நடத்தை மரியாதையாக இருந்ததா என்பதற்கு, இருந்தது என்று எழுதினேன். கடைசிக் கேள்வி இவ்வாறிருந்தது: "இணைப்பு வழங்குவதில் தாமதம் ஏற்பட்டிருப்பின், அதனால் இழந்தவற்றைச் சுருக்கமாகக் குறிப்பிடுக." நான்கு வரிகள் விடப்பட்டிருந்தன. இடத்தை மீறாமல் எழுதிக் கொடுத்தேன்.

சென்ற நாட்கள்: நானூற்றுப் பதினேழு.

அவற்றுள் என் அண்ணாவுக்குக் கண் தெரிந்த நாட்கள்: முந்நூற்று நாற்பது.

ஞாயிற்றுக்கிழமை அக்கா சொல்லி அண்ணாவுக்குப் போய்ச் சேராத பதில்கள்: முப்பத்தொன்று.

அவற்றில் எனக்கு விளங்கியவை: பன்னிரண்டு.